கப்பலுக்குக் கட்டிய சோறு

மாமனார் பாயோடு படுத்துவிட்டார் என்று இந்தியாவிலிருந்து கடிதம் வந்தது ஒரு மழைக்காலத்தில். நாங்கள் கப்பலேறுவதற்கான அனுமதி கைக்கு வந்தபோது மழை விட்டிருந்தது, பனியும் விட்டிருந்தது, வெயிலில் கொழுந்து சிறுத்துப்போயிருந்தது.

நான் பிறந்தது சிலோனில், கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். என் அம்மா பிறந்ததும் அதே தோட்டத்தில்தான். ஆனாலும் சுதந்திரம் வந்த கையோடு வந்த சட்டத்தால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த முக்கால்வாசிப் பேருக்கு எந்த நாடும் இல்லை என்று ஆகிவிட்டது. என் புருஷன் சிறு வயதில் சித்தப்பாவோடு புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்தவர். போவதற்கு ஓர் அனுமதி எழுத்து, திரும்பி வருவதற்கு ஓர் எழுத்து என்று அவர் அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தார். கடைசியில் எழுத்தைக் கொடுத்தவர், "அங்க போய் ஏதாவது வம்பு வழக்குல மாட்டினா இந்தக் கடுதாசி செல்லாது, பிறகு இந்தப் பக்கம் வர ஏலாது" என்று சொல்லித்தான் கொடுத்தாராம். அதை என்னிடம் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் தேயிலை ஸ்டோரில், தோட்டத்துத் தொழிற்சாலையில், வேலை செய்தார். கொழுந்து அரைக்கிற உருளைகளுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிற வேலை. நல்ல மனிதர். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையேறுவார், என்னை ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. ஆனால் குடிப்பார். வேலை விட்டால் நேரே பசாரில் இருக்கிற சாராயத் தவறணைக்குப் போவார். ஆரம்பத்தில் சம்பள நாளில் மட்டும் குடித்தவர், அந்தச் சமயத்தில் காலையில் முகம் கழுவுவதற்கு முன்பே ஒரு வாய் குடித்தால்தான் பல் துலக்கக் கை நிற்கும் என்ற நிலைக்கு வந்திருந்தார்.

அதற்கு முந்தைய வருடம் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியபோது, குடிப்பதில்லை என்று சத்தியம் பண்ணினார். இரண்டு நாள் தாக்குப்பிடித்தார். மூன்றாம் நாள் சுவரெல்லாம் செவ்வெறும்பு ஊருகிறது என்று துணியால் அடித்துக்கொண்டே இருந்தார். அன்று மத்தியானம் வாசலில் விழுந்து கைகால் இழுத்தது. பக்கத்துக் காம்பராவில் இருந்த அக்காள் ஓடிவந்து பல்லிடுக்கில் கரண்டிக் காம்பைச் சொருகினாள். அவருடைய கூட்டாளிகள் வாயில் சாராயத்தை ஊற்றிய பிறகுதான் அவர் கண் நிலைக்கு வந்தது. இதை நான் இங்கே சொல்வதற்குக் காரணம், பிறகு கப்பலில் நடந்ததைக் கேட்பவர்கள் அவரைச் சும்மா ஒரு குடிவெறிக்காரன் என்று நினைத்துவிடக் கூடாது என்பதுதான். குடி அவருக்கு அப்போது ஆசையாக இல்லை. பயமாக இருந்தது.

மதராஸ் பக்கம் மதுவிலக்கு என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஊருக்குப் போய்வந்த ஒருவர், தனுஷ்கோடித் துறையில் ஒரு பிராந்திப் போத்தலுக்காக ஒரு மனிதனை விலங்கு மாட்டிக் கூட்டிப்போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். நான் புருஷனிடம் கேட்டேன்.

"அங்க போய் என்னங்க செய்வீங்க?"

"பாத்துக்கலாம் புள்ள. அப்பா மூஞ்சியப் பாத்துட்டா எல்லாம் சரியாப் போயிரும்."

புறப்படுவதற்கு முதல் நாள் நான் கட்டுச்சோறு தயார் பண்ணினேன். மறுநாள் காலையில் கொட்டகலையில் ஏறினால், பொல்காவலையில் ரயில் மாறி, அதற்கடுத்த நாள் விடியலில்தான் தலைமன்னார். பிறகு கப்பல். பிறகு இந்திய ரயில். கப்பலில் காசு கொடுத்தால் சாப்பாடு கிடைக்கும் என்றார்கள். அது மேல் வகுப்புக்காரர்களுக்கு. எங்களைப் போலக் கப்பல் தட்டில் உட்கார்ந்து போகிறவர்கள் அவரவர் சோற்றை அவரவர்தான் கொண்டுபோக வேண்டும். போய்வந்த பெண்கள் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள்.

"கப்பல்ல பச்சத்தண்ணி குடிக்காத, கொமட்டும். தேத்தண்ணி ஊத்திக்கிட்டுப் போ."

"பால் சேத்துராத. சாயமாவே கொண்டுபோ. சீனியும் போடாத, தனியாக் கொண்டுபோய்க் கடிச்சுக்கங்க."

"ஊறுகாய மறந்துராத. அதுதான் வாந்திக்கு மருந்து."

முதல் நாளுக்குத் தேங்காய்ப்பூ போட்ட ரொட்டியும் இடிசம்பலும். இரண்டாம் நாளுக்குப் புளிச்சோறு, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, வாழையிலையில் இறுக்கிக் கட்டினேன். தேசிக்காய் ஊறுகாய், உரித்த சின்ன வெங்காயம், பிள்ளைக்குக் கொஞ்சம் பொரிமா. தேத்தண்ணிக்கு மூன்று போத்தல் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். "நீ போய்ப் பிள்ளையத் தூங்க வை, நான் ஊத்தி மூடி வைக்கிறேன்" என்றார் அவர். கலியாணமாகி ஐந்தாறு வருடத்தில் அவர் அடுப்படிக்கு வந்து ஒத்தாசை செய்தது அதுவே முதல் தடவை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ரயில் பயணத்தில் அவர் நன்றாகத்தான் இருந்தார். பிள்ளைக்குச் சுரங்கங்களைக் காட்டினார். பொல்காவலையில் காத்திருந்தபோது வெளியே போய்விட்டு வந்தார். எதற்குப் போனார் என்று எனக்குத் தெரியும், கேட்கவில்லை. அன்றைக்கு முழுவதும் ஒரு போத்தல் தேத்தண்ணியும் ரொட்டியும் எங்களுக்குப் போதுமாக இருந்தது.

விடியும்போது ரயில் மன்னார்த் தீவுக்குள் போய்க்கொண்டிருந்தது. வெளியே மணலும் பனைமரமும் கழுதைகளும். மலையையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தத் தட்டையான நிலம் என்னமோ செய்தது. மகளுக்கு அப்போது நாலு வயது. எழுந்ததும் தாகம் என்று சிணுங்கினாள். நான் கூடைக்குள் கையை விட்டு அகப்பட்ட போத்தலை எடுத்து, தக்கையைப் பிடுங்கி அவள் வாயில் வைத்தேன். ஒரு வாய் இழுத்தவள் அப்படியே துப்பிக்கொண்டு, மூச்சுத் திணறிக் கத்தினாள்.

"எரியுதும்மா! எரியுது!"

அவள் சட்டையெல்லாம் நனைந்துபோயிற்று. அதற்குள் மூக்குக்கு அந்த வாடை எட்டிவிட்டது. சாயத்தண்ணியும் சாராயமும் போத்தலுக்குள் ஒரே நிறம்தான். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெட்டியில் இருந்தவர்களுக்குக் கேட்கக் கூடாதென்று நான் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னேன்.

"பிள்ள செத்திருந்தா?"

"ஒரு வாய்தான குடிச்சிச்சு. ஒண்ணும் ஆகாது."

"அந்தக் கரையில புடிச்சுக்கிட்டுப் போயிருவாங்கன்னு தெரியுமா தெரியாதா? திரும்பி வரவே விட மாட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

அவர் ஜன்னலிலிருந்து திரும்பினார். பிறகு கையை என் மடியில் வைத்துக் காட்டினார். விரல்கள் தாமாக ஆடிக்கொண்டிருந்தன. "அப்பாவுக்கு முன்னால விழுந்து கைகால் இழுத்துக்கிட்டுக் கெடக்கவா? தம்பி பாக்க, ஊரே பாக்க? எனக்குப் பயமா இருக்கு புள்ள" என்றார். நான் தக்கையை அழுத்தி மூடிப் போத்தலைக் கூடைக்குள் வைத்தேன்.

தலைமன்னார்த் துறையில் ஆண்களைத் தனி வரிசையில் விட்டார்கள், பெண்களைத் தனி வரிசையில். கூடை என்னிடம் இருந்தது. மேசைக்குப் பின்னால் நின்ற சிங்கள அதிகாரி, வயதானவர், முதலில் நான் தைத்துக் கட்டிய தேயிலைத்தூள் பையை அமுக்கிப் பார்த்தார். நகைக்காக என் காதையும் கழுத்தையும் பார்த்தார். பிறகு ஒரு போத்தலைத் தூக்கினார்.

"மொகக்த மேகே?" இதில் என்ன என்று கேட்டார்.

"தே, மஹத்தயா" என்றேன், தேத்தண்ணி ஐயா என்று. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் எடுத்தது தேத்தண்ணிப் போத்தல்தானா மற்றதா என்று எனக்கே தெரியவில்லை. அவர் தக்கையைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தக்கையைத் திரும்ப அழுத்திக்கொண்டே தாழ்ந்த குரலில், "எஹே கியாம ஹிரே தமா" என்றார். அங்கே போனால் மறியல்தான், ஜெயில்தான் என்று அர்த்தம். என் இடுப்பில் இருந்த பிள்ளையை ஒரு தடவை பார்த்தார். பிறகு கொட்டகைக்கு வெளியே கிடந்த மணலைக் கண்ணால் காட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மணல் எனக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது. என் புருஷன் அந்தப் பக்கத்து வரிசையில் நின்றார், என்னைப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் கவிழ்த்துவிட்டிருந்தால் அதோடு போயிற்று. நான் கவிழ்க்கவில்லை. வாசலில் கிடந்து அவர் கால் இழுத்த காட்சி கண்முன் வந்து நின்றது. கடலுக்கு நடுவில் அவருக்கு அப்படி வந்தால் யார் கரண்டிக் காம்பு கொண்டுவருவார்கள்? போத்தலைக் கூடைக்கு அடியில் தள்ளி, அதன்மேல் புளிச்சோற்றுப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு கப்பலேறினேன்.

தட்டில் இடம் பிடித்துப் பாயை விரித்தோம். பக்கத்தில் ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் குடும்பம், புருஷனும் பெண்சாதியும். நாகூருக்கு நேர்த்திக்கடன் தீர்க்கப் போவதாக அந்த அம்மா சொன்னார். கப்பல் புறப்படும் முன்பே அவர் தன் தூக்குச்சட்டியைத் திறந்து, என் மகளுக்கு அவித்த முட்டையும் பேரீச்சம்பழமும் கொடுத்தார். "சாப்பிடு மகளே, கடல் ஆட முந்தி வயித்துல ஏதாச்சும் கெடக்கணும்" என்றார். நான் மிச்சமிருந்த ரொட்டியில் இரண்டை அவருக்குக் கொடுத்தேன். அவர் சம்பலைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, "நல்ல காரம் தங்கச்சி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கப்பல் துறையை விட்டு நகர்ந்ததும் ஆட ஆரம்பித்தது. எங்களைச் சுற்றி இருந்தவர்களில் பாதிப் பேர் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். என் புருஷனுக்கு ஆட்டம் வேறு விதமாக இருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. காலையிலிருந்து ஒரு வாய் சாராயம்கூட உள்ளே போகவில்லை. முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"காய்ச்சலா தம்பிக்கு?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். பித்தளைக் கோப்பையில் தேத்தண்ணியைப் பாதி ஊற்றி, முந்தானையால் மறைத்துக்கொண்டு, அதில் சாராயத்தைக் கொஞ்சம் கலந்து அவர் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். கோப்பை பல்லில் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் முழங்கால் அடங்கியது. கடல் நடுவில் வந்ததும் இன்னொரு தடவை கொடுத்தேன். வெறி வராத அளவு, நடுக்கம் மட்டும் நிற்கிற அளவு என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். அந்தக் கணக்கு சரியா தப்பா என்று சொல்ல எனக்கு யார் இருந்தார்கள்?

இரண்டாம் தடவை தக்கையைத் திறந்தபோது காற்று அந்தப் பக்கம் அடித்தது. துணிக்கடை அம்மா மூக்கைச் சுளித்தார். என்னைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார், என் புருஷனைப் பார்த்தார்.  பாயைச் சுருட்டிக்கொண்டு, புருஷனை எழுப்பி, அந்தண்டைப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். அவர் கொடுத்த பேரீச்சம்பழம் ஒன்று என் மகளின் கையில் இன்னும் பாதி கடித்தபடி இருந்தது. அந்த வெட்கத்தை என்னால் இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நான் திருடவில்லை, பொய்தான் சொன்னேன். ஆனால் திருடியதைவிட மோசமாக இருந்தது.

"இன்னொண்ணு குடு" என்றார் என் புருஷன்.

"போதுங்க. கரை வந்துரும்."

"முழுசாக் குடிச்சுட்டா போத்தல் காலிதான? காலிப் போத்தலுக்கு யாரு புடிப்பா?"

"உங்களப் புடிப்பாங்க. குடிச்சுட்டு எறங்கினாலே குத்தம் அங்க."

எதிர்க்கரை ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிய ஆரம்பித்தது. மரமில்லை, மலையில்லை, வெறும் மணல். எல்லோரும் எழுந்து மூட்டையைக் கட்டினார்கள். நான் ரொட்டி தின்ற எச்சில் இலையைச் சுருட்டி, அதற்குள் போத்தலை வைத்து எடுத்துக்கொண்டு கம்பி அருகே போனேன். பிள்ளையை ஒரு கையில் பிடித்திருந்தேன். அவர் பின்னாலேயே வந்துவிட்டார்.

திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

"வேணாம் புள்ள. நெசமாவே வேணாம். மண்ணுக்குள்ள பொதச்சு வச்சாவது... தங்கம்ல, வேணாம்."

என்னை அவர் அதற்கு முன்னால் தங்கம் என்று கூப்பிட்டதில்லை. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மகள் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். யாரோ அவளைத் தூக்கினார்கள். திரும்பிப் பார்த்தால் துணிக்கடை அம்மா. பிள்ளையை மார்போடு அணைத்து, அவள் முகத்தைத் தன் முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு, "போடு தங்கச்சி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் கையை நீட்டி விட்டுவிட்டேன். இலை காற்றில் பிரிந்து தனியாகப் போயிற்று. போத்தல் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். எட்டிக் குதித்துவிடுவாரோ என்று நான் அவர் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டேன்.

இறங்கும் முன் அவருக்குப் புளிச்சோறு நாலு உருண்டை வற்புறுத்திக் கொடுத்தேன். வெங்காயத்தை மென்று தின்னச் சொன்னேன். ஊறுகாயை நாக்கில் தேய்த்தேன். அதற்கு மேல் வெற்றிலை. பிள்ளைக்கு ஊட்டுவதுபோல ஊட்டினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டார்.

தனுஷ்கோடியில் ஊசி போட்ட சீட்டு பார்த்தார்கள், எழுத்து பார்த்தார்கள், மூட்டையைப் பிரித்தார்கள். கடைசியில் ஒரு போலீஸ்காரர். என் தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து முகர்ந்தார். திருப்தியில்லாமல் உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தார். சோற்றுப் பொட்டலத்தில் குச்சியை விட்டுக் குத்தினார். நான் திரும்ப இறுக்கிக் கட்டியிருந்த இலை கிழிந்து பருக்கை மணலில் கொட்டியது. பிறகு என் புருஷனைக் கிட்டே கூப்பிட்டார்.

"ஊது."

அவர் ஊதினார். போலீஸ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், வெங்காயம் அப்படி. ஆனாலும் விடவில்லை.

"ஏன்யா கை நடுங்குது?"

 நான்தான் சொன்னேன். "அவரு அப்பா சாகக் கெடக்குறாருங்க. உசுரோட பாப்பமான்னு தெரியாது. ரெண்டு நாளாத் தூங்கல."

இதில் எதுவும் பொய்யில்லை. மெய்யை வைத்தே மறைத்தேன், அதனால்தான் எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது. போலீஸ்காரர் குரல் மாறிவிட்டது. "எந்த ஊரு? போய்யா, போ. மனசத் தளர விடாத" என்று அவர் தோளைத் தட்டி அனுப்பினார்.

துணிக்கடை அம்மாவை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. ரயில் கூட்டத்தில் போய்விட்டார்கள்.

ஊர் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தது. மாமனார் முதல் நாளே போய்விட்டார். மூத்த பிள்ளை வருகிறானென்று நாங்கள் அடித்த தந்தி வந்ததால் எடுக்காமல் வைத்திருந்தார்கள். என் புருஷன் பந்தலுக்குள் நுழையும்போதே நடுக்கம் திரும்பவும் ஆரம்பித்திருந்தது. அப்பாவின் காலடியில் விழுந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பு முழுக்க உதறியது. இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். கொள்ளிச்சட்டியைப் பிடிக்கக் கை நிற்கவில்லை, கொழுந்தனார் அண்ணனின் கையோடு கை வைத்துப் பிடித்துக்கொண்டார்.

ஊரே பேசியது.

"பாத்தியா, கடல் தாண்டிப் போனாலும் பெத்த பாசம் விட்டுப் போகல."

"இங்கேயே இருந்தவன்கூட இப்படித் துடிக்கல."

என் மாமியார் அந்தத் துக்கத்திலும் மகனின் தலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். "சின்னப் பிள்ளையில அனுப்புனேன். என்னய மறந்திருப்பான்னு நெனச்சேன். பாரு, அப்பனுக்காக எப்படி நடுங்குறான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மறுநாள் அவருக்கு எறும்பு தெரிய ஆரம்பித்தது. பாயை உதறினார், மகளின் தலைமுடியில் எறும்பு என்று பிடித்து இழுத்தார். அப்பனுடைய ஆவி மகன்மேல் இறங்கிவிட்டது என்றார்கள். பூசாரியைக் கூட்டிவர ஆள் போனது. ஆவியென்று வைத்துக்கொண்டு அடித்தாலும் அடிப்பார்கள், அதற்குள் வலிப்பு வந்தால் ஆள் போய்விடுவார். நான் மாமியாரைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "எம்பிள்ள பாசத்துல நடுங்குதுன்னு ஊரே சொல்லுது. அதையும் பிடுங்க வந்தியா?" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. "தாலி அறுத்த வீட்டுல நின்னுக்கிட்டு எம்மவனக் குடிகாரங்கிறியே."

"அத்தே, நான் பொய் சொல்லல."

"போ அங்கிட்டு."

நான் கொழுந்தனாரிடம் போனேன். அவரும் முதலில் நம்பவில்லை. ஆனால் அண்ணன் வெறும் தரையை வழித்து வழித்து எதையோ உதறுவதைப் பார்த்துவிட்டு, "அண்ணி, நீங்க சொல்றது மெய்யா இருந்தா பூசாரி எதுக்கு?" என்று மாட்டு வண்டியைப் பூட்டினார். டவுன் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே வலிப்பு வந்தது. வண்டித் தட்டில் தலை அடிபடாமல் நான் மடியில் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் அதிகம் கேட்கவில்லை. கண்ணை விரித்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். "எங்கேருந்து வர்றீங்க?" என்றார். சிலோன் என்றதும் தலையை ஆட்டினார்.

"எப்ப நிறுத்தினாரு?"

"கப்பல்லங்க. நான்தான் கொஞ்சங்கொஞ்சமாக் குடுத்துட்டு, மிச்சத்தக் கடல்ல போட்டுட்டேன்."

"இப்படிச் சட்டுனு நிறுத்தக் கூடாதும்மா. உசுரே போயிரும்."

"கொண்டாந்திருந்தா மறியலுக்குப் போயிருப்பாருங்க."

டாக்டர் ஊசியை எடுத்தார். எனக்கு அந்த டாக்டர்மேல் அன்றைக்குக் கோபம் வந்தது. எது சரி என்று அவராவது சொல்லியிருக்கலாம்.

என் புருஷன் பிழைத்தார். பல நாள் தூங்கினார், விழித்தார், மறுபடி தூங்கினார். காரியத்துக்கு மொட்டை போட ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கூட்டிவந்தார்கள். அப்போது கை நடுங்கவில்லை. அதைப் பார்த்து யாரோ ஒருவர், "துக்கம் ஆறிப்போச்சு போல" என்றார். மாமியார் என் பக்கம் திரும்பவில்லை. ஊரில் ஆவி என்றே பேச்சு நின்றது. நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம். நாங்கள் புறப்படுகிற வரைக்கும் அத்தை என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் கிளம்பும் அன்று விடியற்காலம் எழுந்து எலுமிச்சம்பழச் சோறு கிண்டி, பொட்டலத்தை மகனிடம் கொடுக்காமல் என் கையில் கொடுத்தார். எதற்கு அப்படிச் செய்தார் என்று நான் பலவிதமாக நினைத்துப் பார்த்ததுண்டு.

திரும்பி வரும்போது கடல் அமைதியாக இருந்தது. மகள் தூங்கிவிட்டாள். நாங்கள் சோற்றைப் பிரித்து நடுவில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். அவர் பாதியில் கையை நிறுத்தினார்.

"அன்னிக்கு நீ அத எறிஞ்சப்ப, உன்னயும் சேத்துத் தள்ளிவிடணும்னு இருந்துச்சு."

"தெரியும்."

"தெரியுமா?"

"கையப் புடிச்சீங்கள்ல. அதுல தெரிஞ்சிச்சு."

அவர் திரும்பவும் சோற்றில் கை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மீதிச் சோற்றையும் சாப்பிட்டு முடித்தார்.

பிறகு குடிக்காமல் இருந்தாரா என்று கேட்பார்கள். தோட்டத்துக்கு வந்து முதல் சம்பள நாள் குடிக்காமல் போயிற்று, இரண்டாவதும் போயிற்று. வாங்கி வைத்த எழுத்தும் பத்திரமாக இருந்தது, அவர் பழையபடி ஸ்டோருக்குப் போனார். நான் கொஞ்சம் நம்ப ஆரம்பித்தேன். அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் கூட்டாளிகளோடு தவறணைப் பக்கம் போய்விட்டு வந்தார். உள்ளே வராமல் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், ஈரத்தோடு நின்றார். மகள் ஓடிப் போய்க் கையைப் பிடித்து, "அப்பா வாசம் வருது" என்றாள். நான் எழுந்து சோற்றைப் போட்டு வைத்தேன். அவர் வெகுநேரம் உள்ளே வரவில்லை.

அதற்குப் பிறகும் குடித்தார், விட்டார், குடித்தார். பழைய அளவுக்குப் போகவில்லை என்று மட்டும்தான் சொல்ல முடியும். ஒவ்வொரு தடவை விடும்போதும் நான் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்து, அவர் சுவரைப் பார்க்கிறாரா என்று கவனித்துக்கொண்டிருப்பேன்.